அண்ணன் வண்டியின் வைப்பர் மோட்டார்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டால் ஊரில் பாதிப் பேருக்குச் சந்தோஷம். எனக்கு மட்டும் என் அண்ணன் ஞாபகம் வந்து வயிறு எரியும். இத்தனை வருடம் கழித்துமா என்று என் பிள்ளைகள் கேட்கிறார்கள். ஆமாம், இத்தனை வருடம் கழித்தும்தான். அவர்களுக்குச் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் இதை எழுதி வைக்கிறேன்.

ஐம்பத்து நாலில் நான் புதுச்சேரியில் ஒரு துணி ஆலையில் தறி ஓட்டிக்கொண்டிருந்தேன். நிரந்தர வேலை. பிரெஞ்சுக்காரர்கள் மூட்டை கட்டத் தொடங்கிய நேரம் அது. அண்ணன் சைகோனில் அவர்கள் பட்டாளத்தில் இருந்துவிட்டு, பென்ஷனோடு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தார். அப்படித் திரும்பியவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்பார்கள். சொல்தா தெருவில் நடந்தால் கடைக்காரன்கூட எழுந்து நிற்பான். கடற்கரைப் பக்கம் கடை வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர் தன் தேசத்துக்குப் புறப்படும்போது பழைய வண்டி ஒன்றை விற்றார். முன்னால் கேபின், பின்னால் திறந்த பெட்டி. அண்ணன் அதை வாங்கினார். அவர் அதைக் காமியோனெத் என்பார். ஊர் வேன் என்றது. பிரெஞ்சு வண்டியானதால் ஸ்டியரிங் இடதுபக்கம் இருக்கும்.

வண்டி வாங்கிய அன்று எங்கள் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டே சொன்னார்: "டேய், மில்லு வேலைய உட்டுட்டு எங்கூட வந்துடு. நாலு வருசம் நான் ஓட்டறேன், நீ கூட இருந்து கத்துக்க. அப்புறம் வண்டி ஒன்னுது. எனக்கு இன்னாத்துக்குடா வண்டி? மாசம் பொறந்தா பென்ஷன் வருது."

என் மனைவி அவருக்கு ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். அவர் போன பிறகு பேசினாள். "மில்லு சங்கு ஊதுனா சம்பளம் வருது. ஒங்க அண்ணன் வாயத் தொறந்தா இன்னா வரும்?" என்றாள். பெரியவர் பேச்சைப் பற்றி இப்படிச் சொல்கிறாளே என்று எனக்குக் கோபம் வந்தது. மறு வாரம் ஆலையில் கணக்கு முடித்துக்கொண்டு வந்துவிட்டேன்.

எங்களுக்கு நிரந்தர வாடகை வீராம்பட்டினத்து மீன் வியாபாரி ஒருவரிடமிருந்து வந்தது. விடிவதற்குள் வீராம்பட்டினத்திலும், மீன் குறைந்தால் வைத்திக்குப்பத்திலும் கூடைகளை ஏற்றிக்கொண்டு விழுப்புரம் சந்தைக்குப் போக வேண்டும். திரும்பும் வழியில் தவளக்குப்பத்துக்கும் சில நாள் சரக்கு இருக்கும். அண்ணன் தொப்பியைப் போட்டுக்கொண்டு இடதுபக்கம் உட்காருவார். கூடை ஏற்றுவது, இறக்குவது, கழுவுவது, பஞ்சர் ஒட்டுவது, எஞ்சினைப் பிரித்துச் சேர்ப்பது எல்லாம் என் தலையில். காலி வண்டியாகத் திரும்பும்போது அவருக்குத் தூக்கம் வரும். அப்போது ஸ்டியரிங்கை என்னிடம் கொடுப்பார். ஊர் நெருங்கியதும் எழுப்பிவிட வேண்டும். சொல்தா வண்டியைத் தம்பி ஓட்டிவருவதை ஊர் பார்த்துவிடக் கூடாதாம். எழுந்து தொப்பியைச் சரிசெய்துகொண்டு இடம் மாறி உட்காருவார். நானும் பல்லைக் கடித்துக்கொண்டு நகர்ந்து கொடுப்பேன். நாலு வருடம்தானே என்று இருந்தேன்.

அந்த நாலாவது வருடம் முடியப் போகிற மழைக்காலத்தில், விழுப்புரம் சாலையில் வண்டிக்கு இருந்த ஒரே வைப்பர் நின்றுபோனது. கேபினுக்குள் கருகின வாடை. மறுநாள் கழற்றிப் பார்த்தால் மோட்டாருக்குள் கம்பிச் சுருள் எரிந்திருந்தது. சுருளைத் திரும்பச் சுற்றிக் கொடுக்க ஊரில் ஆள் இருந்தார். ஆனால் உள்ளே இருந்த பல்சக்கரமும் பல்லெல்லாம் தேய்ந்து மழுங்கிக் கிடந்தது. வேறு மோட்டார்தான் போட வேண்டும்.

அந்தச் சமயம் பார்த்து நான் வாயைத் திறந்தேன். "நாலு வருசம் ஆவப்போதுண்ணே" என்றேன்.

அண்ணன் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "ஓட்ட வண்டிய எப்புடிடா ஒன் கையில குடுக்கறது? நாலு பேரு இன்னா பேசுவான்? மொதல்ல எஸ்ஸுயிகிளாஸ் வரட்டும். முழு வண்டியாக் குடுக்கறேன்." வைப்பரை அவர் பிரெஞ்சில்தான் சொல்வார். "பிரான்சுல என் சிநேகிதனுக்கு எழுதிப் போட்டிருக்கேன். அதே மோட்டரு கப்பல்ல வரும். இந்தியன் சாமான் இதுக்கு ஒத்துக்காது."

ஆக, என் பிழைப்பு முழுவதும் எங்கோ மார்சேய் பக்கத்தில் ஒரு கடையில் இருக்கிற மோட்டாரில் போய்த் தொங்கியது. அது வந்தால் வண்டி எனக்கு. வராத வரைக்கும் நான் எடுபிடி.

வைப்பர் இல்லாமல் மழையில் எப்படி ஓட்டினோம் என்று கேட்டால் சிரிப்பீர்கள். முதலில் புகையிலையைக் கசக்கிக் கண்ணாடியில் தேய்த்தோம். லாரிக்காரர்கள் எல்லோரும் செய்வதுதான். தூறலுக்குப் போதும், அடைமழைக்கு அது எம்மாத்திரம். பிறகு வைப்பர் கையில் தூண்டில் கயிற்றைக் கட்டி வலதுபக்க ஜன்னல் வழியாக என் கையில் பிடித்துக்கொண்டேன். மறுபக்கம் சைக்கிள் டியூப் துண்டு ஒன்றைக் கட்டி இழுத்து மாட்டினேன். நான் கயிற்றை இழுத்தால் வைப்பர் இந்தப் பக்கம் வரும். விட்டால் ரப்பர் அதைத் திரும்ப இழுத்துக்கொள்ளும். விழுப்புரம் போய்ச் சேரும் வரை இழுத்து விட்டு, இழுத்து விட்டு. ஜன்னலை மூட முடியாது. என் வலதுபக்கம் முழுக்க நனைந்து, விரல் மடிப்பில் கயிறு அறுத்துப் புண்ணாகிவிடும். அந்தப் புண்ணோடு மீன் கூடை தூக்குவதை எதிரிக்குக்கூட விதிக்கக் கூடாது. அண்ணன் அந்தப் பக்கம் உலர்ந்த சட்டையோடு, "இழுடா, இன்னா தூங்கறியா?" என்பார்.

அந்த மழை போனது. அடுத்த மழையும் வந்தது. கப்பல் வந்தது, போனது. மோட்டார் வரவில்லை. எழுதிப் போட்டாரா இல்லையா என்பதே எனக்கு இன்று வரை சந்தேகம். ஒரு நாள் மரக்காணத்து மீன் வியாபாரி ஒருவரின் லாரி நாங்கள் போய்ச் சேர்வதற்கு முன்பே சந்தையில் சரக்கை இறக்கிவிட்டது. எங்கள் வியாபாரி நொந்துபோய்விட்டார். "சொல்தாரே, மீனு ஒங்களுக்காகக் காத்துக்கினு இருக்குமா? கயிறு கட்டி ஓட்டறதுக்கு நான் மாட்டு வண்டியே வச்சிக்குவேனே. அடுத்த மழைக்குள்ள வைப்பரு ஓடலன்னா வேற வண்டி பாத்துக்கறேன்" என்றார். அண்ணன் தொப்பியைக் கழற்றித் தூசி தட்டினார். அவருக்கென்ன, பென்ஷன் இருக்கிறது.

அன்று இரவு வீட்டில் கணக்குப் போட்டுப் பார்த்தேன். வாடகை போனால் வண்டி தெருவில் நிற்கும். நின்றுபோன வண்டியை எனக்குத் தந்தால் என்ன, தராவிட்டால் என்ன? என் மனைவிதான் சொன்னாள்: "கப்பலு வரும்னு இருந்தா நாமதான் முழுவிப் போவோம். மெட்ராசுக்குப் போயி நீங்களே எதையாச்சும் புடிச்சினு வாங்க."

கையில் இருந்ததைச் சுரண்டிக்கொண்டு சென்னைக்குப் போனேன். புதுப்பேட்டையில் பழைய வண்டிகளைப் பிரித்துப் போட்டு விற்கிற கடைகளில் அலைந்தேன். பிரெஞ்சு வண்டிச் சாமான் என்றதும் எல்லோரும் கையை விரித்தார்கள். கடைசியில் ஒரு குவியலுக்கு அடியில் ஓர் இங்கிலீஷ் வேனின் வைப்பர் மோட்டார் அகப்பட்டது. எங்கள் பேட்டரி ஆறு வோல்ட். இதுவும் ஆறு வோல்ட். கடைக்காரர் பேட்டரியில் வைத்துக் காட்டினார், கரகரவென்று ஓடியது. துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டே ஊர் வந்து சேர்ந்தேன். தூக்கமே வரவில்லை. வண்டியின் சாவியையே கொண்டு வருவது போல இருந்தது.

மறுநாள் வாடகை இல்லை. காலையிலேயே ஆரம்பித்தேன். பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, கேபினுக்குள் மல்லாந்து படுத்து, டாஷ்போர்டுக்கு அடியில் தலையை நுழைத்தேன். கால் இரண்டும் கதவுக்கு வெளியே. கடல் காற்றில் நட்டெல்லாம் துருவேறிப் பிடித்துக்கொண்டிருந்தது. மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்து, ஒவ்வொன்றாகத் தட்டித் தட்டிக் கழற்றினேன். துரு கண்ணில் விழுந்தது. பழைய மோட்டார் கையோடு வந்தபோது அதைத் தெருவில் வீசலாம் போல இருந்தது. புது மோட்டாரின் ஓட்டை எதுவும் பழைய ஓட்டையோடு சேரவில்லை. கொல்லனிடம் ஓடி ஒரு தகட்டை வெட்டி வளைத்துத் துளை போட்டு வந்து, தகட்டை வண்டியிலும் மோட்டாரைத் தகட்டிலும் முடுக்கினேன். வெளியே வைப்பர் கையை மாட்டினேன். வயர் கொடுத்தேன். பொழுது சாயப் போகிற நேரம்.

அண்ணனும் வந்து நின்றார். என் மனைவி குடத்துத் தண்ணீரைக் கண்ணாடியில் சாய்த்தாள். சுவிட்சைப் போட்டேன். வைப்பர் எழுந்து அழகாகத் துடைத்தது. ஓட்டுகிறவன் பக்கம் பளிச்சென்று ஆனது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. சுவிட்சை அணைத்தேன். வைப்பர் போய்ப் படுக்க வேண்டும் அல்லவா? படுக்கவில்லை. ஓட்டுகிறவன் மூக்குக்கு நேரே விறைத்துக்கொண்டு நின்றது.

மறுபடி போட்டேன், அணைத்தேன். மறுபடியும் அங்கேயே நின்றது. அப்போதுதான் உறைத்தது. அந்த மோட்டார் இங்கிலீஷ் வண்டிக்குச் செய்தது. அதில் ஓட்டுகிறவன் வலதுபக்கம் உட்காருவான். அவன் கண்ணை மறைக்காத ஓரத்தில் போய் நிற்கும்படி அதைச் செய்திருக்கிறார்கள். எங்கள் வண்டியில் அந்த ஓரம்தான் ஓட்டுகிறவன் முகத்துக்கு முன்னால் வந்தது. வைப்பர் கையைக் கழற்றி மாற்றி மாட்டிப் பார்த்தேன். படுக்கிற இடம் சரியானது, துடைக்கிற இடம் தப்பிப்போனது. பக்கத்துச் சீட்டுக்காரனுக்குத் தெளிவாகத் தெரிந்தது, ஓட்டுகிறவன் பக்கம் அப்படியே ஈரம். புதுப்பேட்டையில் அத்தனை யோசித்தவன், எவன் எந்தப் பக்கம் உட்காருவான் என்பதை யோசிக்கவில்லை. தினமும் இடதுபக்க ஸ்டியரிங்கைப் பார்த்துப் பார்த்து, உலகத்தில் எல்லா வண்டிக்கும் அதுதான் இடம் என்று ஆகிவிட்டது எனக்கு.

அண்ணன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "பாத்தியாடா, அதுக்கே தெரியுது நீ எந்தப் பக்கம் ஒக்காரணும்னு."

அந்தச் சிரிப்பு இப்போதும் காதில் இருக்கிறது. என் மனைவி காலிக் குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் மோட்டாரைத் திரும்பக் கழற்றி மேசையில் வைத்துப் பிரித்தேன். ஒரு முனையில் வட்டமான மூடி. அதற்குள் ஒரு சின்னப் பித்தளைத் தகடு. சுவிட்சை அணைத்த பிறகும் வைப்பர் ஓரத்துக்கு வரும் வரை கரண்டைக் கொடுத்து, வந்ததும் வெட்டிவிடுவது அந்தத் தகடுதான். மூடியை அரைச் சுற்றுத் திருப்பி வைத்தால் இந்த ஓரத்துக்குப் பதில் அந்த ஓரத்தில் வெட்ட வேண்டும். ஆனால் திருப்ப விடாமல் ஒரு சின்ன முளை தடுத்தது. அரத்தால் அதைத் தேய்த்து எடுத்தேன். உள்ளே வயர் எட்டவில்லை. துண்டு வயர் சேர்த்துப் பற்ற வைத்தேன். மாட்டினேன். இந்தத் தடவை யாரையும் கூப்பிடவில்லை. நானே தண்ணீர் ஊற்றினேன். துடைத்தது. அணைத்ததும் இறங்கிவந்து கண்ணாடியின் அடியில் ஒழுங்காகப் படுத்துக்கொண்டது.

அந்த வருட மழையில் எந்த லாரியும் எங்களை முந்தவில்லை. முதல் அடைமழை நாளில் வியாபாரி எங்கள் இருவருக்கும் நடுவில் உட்கார்ந்து வந்தார். கண்ணாடியையே பார்த்துக்கொண்டு வந்தவர், "அடேங்கப்பா, இப்பத்தான்யா வண்டி" என்றார். அண்ணன், "நாந்தான் வாங்கினு வரச் சொன்னேன்" என்றார் கூசாமல். வண்டி என் கைக்கு வரட்டும், பேச்சு யாருடையதாக இருந்தால் என்ன என்று நினைத்தேன்.

மழை விட்டதும் கேட்டேன். "தை பொறக்கட்டும்" என்றார். தை பிறந்தது. "வீராம்பட்டினம் தேரு போவட்டும். ஆத்தாவக் கும்புட்டுட்டு சாவியக் கையில குடுக்கறேன்" என்றார். என் மனைவி, "ஆத்தாவ வேற இழுத்துட்டாரா?" என்றாள். நானோ நம்பினேன். ஆடி மாதம் தேரும் போனது. ஆத்தாவுக்கு வண்டியோடு போய்ப் பூசை போட்டு, எலுமிச்சம்பழத்தைச் சக்கரத்தில் நசுக்கி வந்தோம். அன்று ஸ்டியரிங்கைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். என் வண்டி என்றே நினைத்து ஒற்றிக்கொண்டேன்.

சில நாள் கழித்து அண்ணன் வீட்டுக்கு வியாபாரி வந்தார். அண்ணன் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வியாபாரி வண்டியைச் சுற்றி வந்தார், டயரை உதைத்துப் பார்த்தார், என்னைக் கூப்பிட்டார். "தம்பி, மழ வருதே, வைப்பரு எப்புடி இருக்குது? ஓட்டிக் காட்டேன்."

வரும் மழைக்கு வாடகையை உறுதி செய்ய வந்திருக்கிறார் என்று நினைத்தேன். எனக்குக் குஷி பிடிபடவில்லை. வாளியில் தண்ணீர் கொண்டுவந்து ஊற்றிக் காட்டினேன். அணைத்துக் காட்டினேன், பாருங்கள் எப்படிப் படுக்கிறது என்று. மூடியைத் திருப்பிய கதையைக்கூடச் சொன்னேன். எஞ்சினை ஓட்டிக் காட்டினேன். அவர் கேட்காத விளக்கெல்லாம் போட்டுக் காட்டினேன். அண்ணன் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

எல்லாம் பார்த்து முடித்துவிட்டு வியாபாரி கையை நீட்டினார். "சரி, சாவிய எங்கிட்ட குடுத்துடு. வண்டிக்குப் பேசுன பணத்த சொல்தாருகிட்ட தந்துட்டேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. அண்ணனைப் பார்த்தேன். அவர் எழுந்து உள்ளே போனார். பின்னாலேயே போனேன். அண்ணி பெட்டிக்குள் துணி அடுக்கிக்கொண்டிருந்தாள். பிரான்சுக்குக் குடும்பத்தோடு போகிறார்களாம். கூட இருந்த சொல்தாக்கள் எல்லாம் போய்விட்டார்களாம். ஊருக்கே தெரிந்திருக்கிறது, எனக்கு மட்டும் தெரியவில்லை.

"வண்டி எனக்குன்னு சொன்னியேண்ணே."

"இல்லன்னு நான் சொன்னனா? அங்க போயி எறங்குனா கையில எதாச்சும் வோணாமா? ஒனக்கு இன்னாடா, ஊருல இருக்கற, பொழச்சிக்குவ."

"மில்ல உட்டுட்டு வந்தேனேண்ணே."

அவர் பெரிய மனசு பண்ணுகிறவர் போலச் சொன்னார்: "அந்த மோட்டரு நீ வாங்குனது. அத நான் வெலயில சேக்கல. வோணும்னா கழட்டிக்க."

அவரை அடித்துவிடுவேனோ என்று பயந்துதான் வெளியே வந்தேன். அவர் சொன்னபடியே செய்தேன். வியாபாரி பார்த்துக்கொண்டிருக்க, கேபினுக்குள் மல்லாந்து படுத்து மோட்டாரைக் கழற்றினேன். கிரீஸ் ஒழுக ஒழுக வீட்டுக்குக் கொண்டு போனேன். அவ்வளவு உழைப்புக்கும் என் பங்காக வந்தது அதுதான். என் மனைவி அதையும் என்னையும் பார்த்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். "கைய கழுவினு வாங்க, சாப்புடலாம்" என்றாள்.

கப்பல் பிடிக்க அண்ணன் ரயில் ஏறிய அன்று நான் வழியனுப்பப் போகவில்லை. ஆலையில் போய் நின்றேன். ஆட்களைக் குறைத்துக்கொண்டிருந்தார்கள், போனவனைத் திரும்ப எடுப்பார்களா? ஐப்பசி பிறந்து மழை கொட்டத் தொடங்கியதும் வியாபாரி குடையோடு வந்து நின்றார். "இந்தப் பக்கத்து ஸ்டியரிங்குன்னா எவனும் ஓட்ட வரமாட்டன்றான். நீயே வந்துடு. மாசச் சம்பளம் தரேன். வரும்போது அந்த மோட்டரையும் கொண்டாந்துடு."

கொண்டு போனேன். வேறென்ன செய்வது? அதே நட்டுகளை அதே இடத்தில் முடுக்கினேன். பிறகு எழுந்து அந்த இடதுபக்கச் சீட்டில் உட்கார்ந்தேன். ஊருக்குள் நானே ஓட்டி வந்தேன். எழுப்பிவிட ஆள் இல்லை, நகர்ந்து கொடுக்க வேண்டியதில்லை. அதில் எனக்கு ஒரு துளி சந்தோஷமும் இல்லை.

அறுபத்திரண்டில், பிரெஞ்சுக்காரராக இருப்பதா இந்தியராக இருப்பதா என்று ஊரெல்லாம் எழுதிக் கொடுக்கிற பேச்சாக இருந்தபோது, அண்ணனோடு சைகோனில் இருந்த ஒரு சொல்தா பிரான்சிலிருந்து வந்திருந்தார். தவளக்குப்பத்தில் நான் மீன் இறக்கிக்கொண்டிருந்தபோது என்னை அடையாளம் கண்டு ஓடிவந்து கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல மனுஷர். பானெட்டைத் தட்டிக் கொடுத்தார்.

"இந்த வண்டிதானே? ஒங்க அண்ணன் அங்க எல்லார்கிட்டயும் சொல்லுவாரு. என் தம்பிய நடுத்தெருவுல உட்டுட்டு வரல, வண்டியக் கையில குடுத்துட்டுதான் வந்தேன்னு. எங்க பசங்களுக்கெல்லாம் அதத்தான் எடுத்துச் சொல்லுவோம், தம்பின்னா இப்புடி நடத்தணும்னு. நல்லா ஓடுதா வண்டி?"

"ஓடுது" என்றேன்.

பின்னாலிருந்து வியாபாரி கத்தினார்: "கூடய எறக்கறியா, இல்ல கத பேசிக்கினே நிக்கப்போறியா?"

வந்தவர் அவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். அவர் கை என் கையிலிருந்து மெல்லத் தளர்ந்தது. நான் கூடையை இறக்கப் போனேன்.